பன்னிரண்டு கிலோ கட்லா

"அண்ணாச்சி, அதை மட்டும் ஏரியிலயே விட்டுருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

டீக்கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கரைக்கு ஓடி வந்திருந்தாள் செண்பகவல்லி. இசக்கிதுரையின் காலடியில் பன்னிரண்டு கிலோ கட்லா ஒன்று ஈரச் சாக்கின்மேல் வாலை அடித்துக்கொண்டிருந்தது.

"நல்லாருக்கே கதை! தாராவியிலேருந்து மூணு மாசமா ஞாயித்துக்கிழமை தவறாம வாரேன். இன்னைக்குத்தான் பெருசு மாட்டிருக்கு. மத்தியானம் சான்பாடாவிலேருந்து எம்மவளைப் பொண்ணு பாக்க வாராவ. கொழம்பு வச்சு அசத்திர மாட்டேன்?"

"கொழம்புக்குத்தான் கூடையில சின்னது பத்து கெடக்கே?"

"பெருசுதான் கெத்து, தங்கச்சி."

அந்தக் கெத்துதான் வினையே. இந்த ஏரிக்குப் பேரே பெரிய மீனால் வந்தது. ஊரெங்கிலுமிருந்து ஆட்கள் டிக்கெட் வாங்கி வந்து தூண்டில் போடுவார்கள். பிடித்து, போட்டோ எடுத்து, மறுபடி தண்ணீரில் விட்டுவிடுவார்கள். ஒருநாள் யாரோ ஒருவர் வீட்டுக்குத் தூக்கிப்போனார். அதைப் பார்த்து எல்லாரும் ஆரம்பித்தார்கள். இரண்டே வருடத்தில் ஏரியில் பொடிசுகள்தான் மிச்சம். பெரிய மீன் இல்லாத ஏரிக்கு எவன் வருவான்? நூறு டீ போன இடத்தில் இருபது போவதே பெரும்பாடு. படகுக் காவலில் இருக்கும் அவள் கணவன் வெயிலுமுத்துவையும் அடுத்த மாதம் நிறுத்திவிடப் போவதாகப் பேச்சு.

"இவ்வளவு பெருசாக ஆறேழு வருசம் ஆகும் அண்ணாச்சி. எல்லாத்தையும் இப்பமே தின்னு தீத்துட்டா, அடுத்த வருசம் எதைப் பிடிக்க வருவிய?"

"அதை அப்பம் பாத்துக்கிடலாம். பஸ், பாத் கதம்! பேச்சு முடிஞ்சுது." சாக்கைச் சுருட்டத் தொடங்கினார்.

செண்பகவல்லி சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, கொண்டுபோங்க. வாயில கெடக்க தூண்டில் முள்ளையாவது எடுத்துவிடுங்க, பாவம்."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. குனிந்து மீனின் வாயைப் பிரித்தவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். மேலுதட்டு ஓரத்தில் சிவப்புக்கல் மூக்குத்தி ஒன்று மின்னியது.

"ஏ ஆத்தா! தங்கச்சி, இங்கன பாரு... இது சாமி மீனுல்லா!"

பாபநாசத்துக்காரர் அவர். கோயில் படித்துறையில் மீனுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர். எந்த ஏரியிலும் தூண்டில் போடுவார். சாமி மீனை மட்டும் தொடமாட்டார்.

"எனக்கென்ன தெரியும் அண்ணாச்சி? யாரு நேந்து விட்டாவளோ!"

"நல்ல காரியம் பேசப்போற நாளுல என்ன பண்ணப் பாத்தேன்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். முள்ளைப் பதமாக எடுத்தார். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் மீனைத் தாங்கி விட்டார். அது வாலைச் சுழற்றிக்கொண்டு ஆழத்துக்குள் போய்விட்டது.

அப்பாடா! செண்பகவல்லி கடைப்பக்கம் திரும்பி நடந்தாள்.

கடைவாசலில் வெயிலுமுத்து தவிப்போடு நின்றிருந்தான். "என்னாச்சுட்டீ?"

"கும்பிட்டு விட்டுட்டாரு."

சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாலிருந்து, தாராவி பஜாரில் டஜன் கணக்கில் வாங்கிய திருகு மூக்குத்தி அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னும் ஏழு இருக்கு. விடியமுன்ன படகை எடுங்க. பெருசு மாட்டுனா, நீங்க அமுக்கிப் பிடிங்க, நான் திருகிவிடுதேன்."