ஆஃப்சைடு இல்லாத ஆட்டம்

"ஆஃப்சைடு!" என்று கத்திக்கொண்டே பார்த்தசாரதி கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்.

சிட்னியில் கெல்லிவில். சனிக்கிழமை காலை. எட்டு வயதுக்குட்பட்டோர் கால்பந்து.

எட்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஆஃப்சைடு என்ற விதியே கிடையாது. யார் ஜெயித்தார்கள் என்றுகூட எழுதிவைப்பதில்லை. தோற்ற பிள்ளை அழக்கூடாதாம்.

பார்த்தசாரதி மட்டும் விரல் மடக்கிக்கொண்டிருந்தார். ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றுதான் நம்முடையது.

அவர் மகன் கீர்த்தனன் நடுக்கோட்டில் உட்கார்ந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

பார்த்தசாரதியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கிலாந்துக் கால்பந்து ரவுடிகளைப் பற்றி வந்த படங்களில் அவர் பார்க்காதது எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுப் பெரிய திரையில் ஒரு படம் ஓடும். நாங்கள் ஆறு பேர், எல்லாரும் ஐ.டி. அந்த ரவுடிக் கூட்டங்களுக்கு 'ஃபர்ம்' என்று பெயராம். எங்கள் வாட்ஸப் குழுவுக்கும் 'கெல்லிவில் ஃபர்ம்' என்று அவரே பெயர் வைத்தார்.

ஒருவன் இன்னொருவன் மண்டையில் பாட்டிலை ஓங்கும்போது சரியாகப் படத்தை நிறுத்துவார். "தனியா விட்டா இவன் பச்சப்புள்ள சார். பின்னாடி நாலு பேர் நிக்கிற தைரியம்தான்" என்று பாடம் எடுப்பார். படித்தவன் இதையெல்லாம் செய்யமாட்டான் என்பது அவர் கட்சி. ஃபேஸ்புக்கில் மூன்று பாகமாக எழுதியும் இருக்கிறார்.

எனக்கு அந்தப் பாடம் வேண்டாம். பாட்டில் உடைகிற இடத்துக்காகத்தான் நான் போவேன்.

லண்டனுக்கு அவர் போனதே இல்லை. திருச்சி, சென்னை, சிட்னி, அவ்வளவுதான். ஆனால் கழுத்தில் ஆன்லைனில் வாங்கிய லண்டன் கம்பளித் துண்டு. கோபம் வந்தால் வாயில் லண்டன் இழுவை.

எதிரணிப் பெற்றோரில் இரண்டு பேர் நிஜமான இங்கிலாந்துக்காரர்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ரெஃப்ரீ மயூராவுக்குப் பதினாலு வயது. சின்னப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு இங்கே பெரிய பிள்ளைகள்தான் விசில் ஊதுவார்கள். அவளுக்கு இது முதல் ஆட்டம். முழுசாகத் தானே நடத்தி முடிக்கவேண்டும், அம்மா கிட்டேயே வரக்கூடாது என்று சொல்லி, சத்தியபாமாவைக் காருக்குள் உட்காரவைத்திருந்தாள். காலையில் சத்தியபாமாவே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். ஆட்டம் முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம்தான் பாக்கி.

இப்படி அப்பாக்கள் கிளம்புவார்கள் என்று தெரிந்து கிளப்பில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு வாரமும் முறைவைத்து ஒரு பெற்றோர் சட்டைக்கு மேல் கையில்லாத மஞ்சள் வெஸ்ட் மாட்டிக்கொண்டு நிற்கவேண்டும். யாராவது கத்தினால் போய் அடக்கவேண்டும். கேட்காவிட்டால் வெளியே அனுப்பவேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. திங்கட்கிழமை மெட்ரோவில் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டுமே.

அன்றைக்கும் ஒருவர் மஞ்சள் வெஸ்டில் நின்றார். அசையவில்லை.

நான் வீடியோ பிடிக்கப் போனை எடுத்துவிட்டேன்.

"நோ ஆஃப்சைட் இன் அண்டர் எயிட்ஸ், அங்கிள்" என்றாள் மயூரா.

அங்கிள் என்றது அவருக்கு இன்னும் சுட்டது. எந்தப் படத்திலும் எந்த ரவுடியையும் யாரும் அங்கிள் என்று கூப்பிட்டதில்லை.

திரும்பிப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஃபர்ம் இறங்கியது.

வரதராஜன் காபிக் கோப்பையோடு போனார். இன்னொருவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். அடிக்க அல்ல, விட்டுவிட்டுப் போனால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று. ஒருவர் போனதால் மற்றவரும் போனார்கள். என்ன பிரச்சினை என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

ஐந்து தடித்த ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் மயூரா தெரியவே இல்லை. நான் இரண்டடி நகர்ந்து நின்றேன். இப்போது அவள் முகம் திரைக்குள் சரியாக வந்தது.

பார்த்தசாரதி கழுத்துத் துண்டை உருவித் தரையில் அறைந்தார். அவள் உயரத்துக்குக் குனிந்து, முகத்துக்கு நேராக, படத்தில் கற்ற கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெள்ளிக்கிழமைப் படம் சனிக்கிழமையும் ஓடுகிற சந்தோஷம்.

கீர்த்தனன் புல் பிடுங்குவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

மயூரா விசிலை வாயில் வைத்தாள். காற்று வரவில்லை. மறுபடி ஊதினாள். உதடு நடுங்கி விசில் பல்லில் தட்டியது. கழுத்திலிருந்து அதைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டுக் காரைப் பார்த்து நடந்தாள். ஓடவில்லை. கார்வரைக்கும் அழாமல் போய்விட வேண்டும் என்று நடந்தது போலிருந்தது.

கார்க் கதவு திறந்தது. மகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு சத்தியபாமா மைதானத்துக்கு வந்தார்.

பார்த்தசாரதி நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்த வசனம் தயாராக இருந்திருக்கும்.

சத்தியபாமா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றார்.

"உங்களை நம்பித்தானே தம்பி நான் காருக்குள்ள இருந்தனான். பிறகென்னத்துக்கு இந்த மஞ்சள் வெஸ்டைப் போட்டுக்கொண்டு நிக்கிறியள்?"



காலைக் குளிருக்கு இதமாக இருக்கிறதென்று வெஸ்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து விட்டிருந்தேன். இப்போது அவசரமாக இறக்கப் பார்த்தேன். பாதியில் சிக்கிக்கொண்டது.

இரண்டு கையும் இருந்தால் இறக்கியிருக்கலாம். மற்றக் கையில் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.