அடுப்படியில் ஜப்பான்

“இச்சி!”

குக்கர் முதல் விசில் அடித்ததும் அடுப்படியிலிருந்து சென்னியம்மாளின் குரல் வந்தது.

ஹாலில் புதுத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்த கமலவேணி பல்லைக் கடித்தாள்.

“நீ!” இரண்டாவது விசில்.

“சான்!” அடுப்பை அணைத்தாயிற்று.

“ஏன் சென்னி, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணினா சோறு வேகாதா?”

“வேகுமுங்க்கா. ஜப்பான்ல எண்ணினா பூப்பூவா வருதுங்க.”

சென்னியம்மாள், கமலவேணியின் கொழுந்தன் பெண்டாட்டி. ஜேடர்பாளையத்துக்காரி. எட்டாம் வகுப்பு. இந்த ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்கு வாழ வந்து பதினாலு வருஷமாகிறது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் வாயில்லாப் பூச்சி.

மூன்று மாதமாகத்தான் இந்தக் கூத்து. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் கராத்தே கிளாஸ் ஆரம்பித்தார்கள். துணி காயப்போட மாடிக்குப் போனவள், மாஸ்டர் கத்தியதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு இறங்கி வந்தாள். உதைக்கிற ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. ஆசையெல்லாம் வார்த்தைகளின் மேல்தான்.

வாசலில் எருமையை நிறுத்திப் பால் கறந்து கொடுக்கும் பாப்பாயியும் கூட்டுச் சேர்ந்துவிட்டாள். எருமை காலைத் தூக்கினால் சென்னியம்மாள் “யமே!” என்று ஓர் அதட்டல் போடுவாள். ‘நிறுத்து’ என்று அர்த்தமாம். எருமை நிறுத்திவிடும்!

“என்ற பேச்சைக் கேக்காத மூதேவி, ஜப்பான்காரன் பேச்சைக் கேக்குது பாருங்க அம்மிணி! இன்னொரு லிட்டரு ஊத்தட்டுங்களா?”

“லிட்டர்,” என்று திருத்தினாள் கமலவேணி. கான்வென்ட்டில் படித்தவள். காதில் ஒரு தப்பு விழுந்தால், அதைச் சரிபண்ணாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

சனிக்கிழமை சாயந்திரம் அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

“இங்க பாரு. நாளைக்குப் புதுச்சத்திரத்துக்காரங்க என் பொண்ணைப் பார்க்க வர்றாங்க. நாலு இடம் தட்டிப் போய் அஞ்சாவதா வந்த இடம். உன் வாயிலிருந்து ஒரு ஜப்பான் வார்த்தை வந்துச்சு, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!”

“ஹாய்ங்க்கா.”

“அப்படின்னா?”

“சரிங்கன்னு அர்த்தமுங்க.”

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா வள்ளியாத்தாள் வாய் நிறையப் பேச்சும், வாழையிலையில் மடித்த மல்லிகைப்பூவுமாக வந்து இறங்கினாள். பெண்ணைப் பிடித்துவிட்டால் கையோடு தலையில் பூ வைத்துவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால் பொட்டலம் பிரிக்காமலே திரும்பிவிடும்.

“எம்பையன் டிப்புளமா முடிச்சிருக்கானுங்க.”

“டிப்ளமோ,” என்றாள் கமலவேணி, முகம் நிறையச் சிரிப்போடு.

“அதுதானுங்க. தீவாளிக்கு போனாசுகூட...”

“போனஸ்.”

“ஆமாங்க. பிரிஜ்ஜு புதுசுங்களா?”

“ஃப்ரிட்ஜ். போன மாசம்தான் வாங்கினோம்.”

வள்ளியாத்தாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பெண் வந்து கும்பிட்டதற்கு “ம்”. ஜாதகத்தைப் பற்றிக் கேட்டதற்கும் “ம்”. பக்கத்தில் இருந்த பூப்பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“அப்ப, நாங்க போயி யோசிச்சுச் சொல்லியனுப்பறமுங்க.”

கமலவேணிக்குத் தலை சுற்றியது. இவ்வளவு நேரம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது?

அப்போதுதான் பஜ்ஜித் தட்டோடு சென்னியம்மாள் வந்தாள். ஹாலுக்கு நடுவில் நின்றாள். காலைச் சேர்த்து வைத்தாள். இடுப்பு வரை குனிந்தாள்.

“கொன்னிச்சிவா!”

தட்டிலிருந்து நழுவிய வாழைக்காய் பஜ்ஜி ஒன்று வள்ளியாத்தாள் வீட்டுக்காரரின் காலடியில் போய் விழுந்தது. பதறிப்போன மனுஷன் எழுந்து நின்று, அவரும் இடுப்பு வரை குனிந்தார்.

“இதென்ன பாசை அம்மிணி?” வள்ளியாத்தாள் வாயைத் திறந்துவிட்டாள்.

“ஜப்பானுங்க. வணக்கம்னு அர்த்தமுங்க. பக்கத்து மாடியில ஒட்டுக்கேட்டுக் கத்துக்கிட்டது. சரியோ தப்போ, சாமிக்குத்தான் தெரியும்!”

“எங்கெ, எனக்கும் சொல்லிக்குடு பாக்கலாம்.”

“கொன்னிச்சிவா.”

“கன்னிச்சேவல்!”

“அட, என்னைவிட உங்களுக்கு நல்லா வருதுங்களே!”

வள்ளியாத்தாள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் புருஷன் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று கற்றுக்கொண்டார். கமலவேணிக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது.

நாலு பஜ்ஜி உள்ளே போனதும் வள்ளியாத்தாள் பொட்டலத்தைப் பிரித்தாள். பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலை கொள்ளாமல் பூ வைத்தாள்.

கார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், கமலவேணி அடுப்படிக்குள் பாய்ந்தாள்.

“ஏதோ அவங்க பெரிய மனசு, பூ வெச்சுட்டுப் போனாங்க. நீ அடிச்ச கூத்துக்கு வேற யாராயிருந்தாலும் எந்திரிச்சுப் போயிருப்பாங்க!”

“நான் வர்றதுக்கு முன்னாடியே எந்திரிக்கப் பார்த்தாங்கதானுங்க்கா.” சென்னியம்மாள் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “அந்தம்மா மூஞ்சியைப் பார்த்தேன். தலைசீவும்போது கண்ணாடியில தினமும் நான் பார்க்கிற மூஞ்சியாட்டமே இருந்துச்சுங்க.”

“என்னடி உளர்றே? அவ்வளவு ஆசை இருந்தா இங்கிலீஷ் கத்துக்கறதுதானே? நான் சொல்லித் தர்றேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! போயும் போயும் ஜப்பான் பாஷையா கிடைச்சுது உனக்கு?”

சென்னியம்மாள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

“இந்த ஊட்ல நான் வாயைத் திறந்தா நீங்க திருத்தாத பாஷை அது ஒண்ணுதானுங்க்கா.”