தண்ணீர் படாத துணி

மூக்கருகே வைத்து முகர்ந்தாள்.

பாச்சை உருண்டை வாசனைக்கு அடியில் வேறொன்று இருந்தது.

கஞ்சி.

முப்பது வருடமாகச் சோறு வடிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன.

பீரோவின் அடித்தட்டில் பழைய செய்தித்தாளை மாற்றத்தான் போனாள். தாளுக்குக் கீழே இந்தத் துணி கிடந்தது. மற்ற அறுபத்தொன்றும் மேல்தட்டில், மடிப்புக் கலையாமல், ஊர்வாரியாக.

கூடத்தில் அவர் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது.

அவர் இவற்றை டீ டவல் என்பார். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஞாபகத்துக்கு வாங்கி வருகிற, ஊர்ப் படம் அச்சடித்த சமையலறைத் துணி.

அவள் கரித்துணி என்பாள். கரித்துணிக்குத் தனிப் பீரோ வைத்த ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் குவியலைக் கிளறி எடுத்து வருவார். ஏதோ ஒரு சீமைக் கடற்கரை. கலங்கரை விளக்கம். செம்மறியாடு. ஒன்றில் 1974ஆம் வருடத்தின் பன்னிரண்டு மாதமும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டில் முழுக்கப் பரப்பி வைத்து, இத்தனை வருடமாகியும் சாயம் மங்காததைத் தடவித் தடவிப் பார்ப்பார். பாத்திரம் துடைக்க நெய்த துணி, ஒரு சொட்டு ஈரம் படாமல் தப்பித்துவிட்டது. அதில்தான் அவருக்கு மயக்கம்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கலங்கரை விளக்கத்தின் மேல் அவளுக்கும் ஒரு கண்.

அவருக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. தண்ணீர் பட்ட துணி சேர்த்தி இல்லை. கிளிப் படம் போட்ட அருமையான துணி ஒன்றை, ஓரத்தில் டீக்கறை இருக்கிறதென்று மறுவாரமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்.

அப்படிப்பட்டவரிடம் இது எப்படி வந்தது?

விரித்தாள்.

ஏரி. படகு. இரண்டு ஆரஞ்சுப் பழம். கீழே ஆங்கிலத்தில் ஏற்காடு, 1988.

இரண்டு முனையிலும் கையகலத்துக்குத் தீய்ந்த பழுப்பு. நடுவில் மொடமொடவென்று வெள்ளைக் கறை.

கொதிக்கிற பானையை இரண்டு கையாலும் பிடித்துச் சோறு வடித்த துணி. ஒரு நாள் இரண்டு நாள் வடித்தால் இப்படி ஆகாது.

கீழே இருந்த வருடத்தை இன்னொரு தடவை படித்தாள்.

கல்யாணம் நடந்தது 1992இல். புதிதில் ஏற்காடுதான் போனார்கள். இதுதான் முதல் தடவை என்றார். பேருந்தை விட்டு இறங்கியதும் யாரிடமும் வழி கேட்கவில்லை. விறுவிறுவென்று ஏரிக்கு அழைத்துப் போனார். கெட்டிக்காரரைக் கட்டியிருக்கிறோம் என்று அவள் பூரித்துப் போனாள்.

யாருடைய கை இது?

பார்த்தேயிராத அந்தக் கைக்கு வளையல் மாட்டிப் பார்த்தாள். மருதாணி வைத்துப் பார்த்தாள். ஆத்திரம் வந்தது.

பிறகு, பானையைப் பிடிப்பதுபோலத் துணியைத் தன் கையில் பிடித்துப் பார்த்தாள். தீய்ந்த இடம் அவள் விரல்களையும் தாண்டி இரண்டு பக்கமும் தெரிந்தது.

பெரிய கை.

பெண் பார்க்க வந்த அன்று அவர் அம்மா பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. மகனுக்குச் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாதாம். இன்றுவரை காபி குடித்த டம்ளரை அவர் கழுவி வைத்ததில்லை.

இந்த ஒன்றை மறைக்கத்தான் மற்ற அறுபத்தொன்றுமா?

அடுப்பில் உலை தளதளத்தது. அவருக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து வீட்டில் குக்கர் சோறு கிடையாது. வடித்த சோறுதான்.

வழக்கமான கரித்துணியை எடுத்து மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தாள். ஏற்காட்டை நாலாக மடித்துப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கையையும் புளித் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டாள்.

"ஏங்க, கையெல்லாம் புளி. சோறு குழையுது, சீக்கிரம் வந்து வடிங்களேன்."

பேப்பர் விழுந்த சத்தம். செருப்பு தேயும் சத்தம்.

வந்தார்.

தட்டை எடுத்துப் பானையை மூடினார். துணியை ஒரு உதறு உதறினார். தீய்ந்த இரண்டு இடத்திலும் அவர் கை சரியாக உட்கார்ந்தது. தட்டோடு சேர்த்துப் பானையைத் தூக்கி, சட்டியின் மேல் சாய்த்தார். ஆவி முகத்தில் அடிக்காமல் தலையை இடப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒரு பருக்கை சிந்தவில்லை.

அவள் வடித்தால்கூட நாலு பருக்கையாவது சிந்தும்.

ஆவி அடங்கியது. அவர் பார்வை பானைக்குத் திரும்பியது. அப்போதுதான் தன் கைகளுக்கு நடுவே தொங்கிய படகைப் பார்த்தார்.

பானையை விட முடியாது. விட்டால் அத்தனை சோறும் கஞ்சிச் சட்டியில்தான்.

அவள் புளிக் கையோடு எதிரே வந்து நின்றாள்.

"யாருக்குங்க வடிச்சுப் போட்டீங்க?"

கஞ்சி இறங்கியது. கம்பியாக. நூலாக. பிறகு சொட்டுச் சொட்டாக.

கடைசிச் சொட்டும் விழுந்துவிட்டது.

அவர் பானையை நிமிர்த்தவில்லை.