ஊசி போட்ட லாயம்

குதிரைக்காரன் பெண்டாட்டி லாயத்திலிருந்து போனில் கதறினாள்.

"முதலாளி, ஓடி வாங்க! காய்ச்சல் அனலாக் கொதிக்குது. கால் பின்னுது. நேத்திலேருந்து ஒரு வாய் இறங்கல."

"எந்தக் குதிரை, வெள்ளையா? கொசுக்காய்ச்சலுக்குத்தான் எல்லாத்துக்கும் ஊசி போட்டாச்சே!"

"பேச நேரமில்ல முதலாளி, சீக்கிரம்!"

முதலாளி குதிரை டாக்டரையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்து வந்தார். குதிரைகள் குத்துக்கல்லாட்டம் நின்று புல் மென்றுகொண்டிருந்தன. கடைசித் தடுப்பில், வைக்கோலின்மேல், அவள் புருஷன் கண் செருகிக் கிடந்தான்.

டாக்டர் குனிந்து தொட்டுப் பார்த்தார். "அதே கொசுக்காய்ச்சல்தான் போல. மூளைக்கு ஏறிடுச்சு. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

"குதிரைக்குப் போட்ட ஊசியில ஒண்ணு இவருக்கும் போடுங்களேன், ஐயா."

"இந்தக் காய்ச்சலுக்கு மனுஷனுக்கு ஊசி கிடையாதும்மா."

முதலாளி நெஞ்சைத் தடவிக்கொண்டார். "இவனா? ஒரு நிமிஷம் எனக்கு உயிரே போயிடுச்சு. குதிரை இல்லன்னு சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா கார் வந்திருக்குமா முதலாளி?"

அது அவர் காதில் விழவில்லை. டாக்டரின் தோளைத் தட்டினார்.

"வந்ததுதான் வந்தீங்க, வெள்ளையை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுங்க."