இன்னும் ஐந்து வருஷம்

“அப்பாவுக்கு இடது காது சரியாக் கேக்காது, டாக்டர். நீங்க எதிர்ல உக்காந்து பேசறதால தெரியல. அவர் உங்க உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்றார்.”

விமானிகளுக்கு உடல்தகுதிச் சான்று கொடுக்கும் அந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இதை அவரே அல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்றார். சொல்ல மாட்டார் என்றாள் அவள்.

“நீதான் சொன்னேன்னு தெரிஞ்சா?”

“தெரிய வேண்டாம், டாக்டர். பயணிங்க உயிர் விஷயம், அதனாலதான் வந்தேன்.”

பயணிகள் உயிர் என்று சொன்னது வாய்தான். மனசுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது வேறு.

அவளும் விமானி. பயிற்சி முடித்து, அப்பா கேப்டனாக இருக்கும் விமானக் கம்பெனியிலேயே முதல் ஆளாகத் தேர்வாகியிருந்தாள். அறுபது நிறைந்ததும் அப்பா இறங்குவார், ஒரு துணை விமானி கேப்டன் ஆவார், அவர் இடத்துக்கு இவள் போவாள். அப்படித்தான் கணக்கு. அந்த நேரம் பார்த்து ஓய்வு வயதை அறுபத்தைந்து ஆக்கிவிட்டார்கள். போக வேண்டியவர்கள் யாரும் போகவில்லை. புதியவர்களைக் காத்திருக்கச் சொன்னது கம்பெனி. தேர்வில் இரண்டாவதாக வந்தவன் இப்போது செருப்புக் கடையில் நிற்கிறான். அவளை விமான நிலைய கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள், பயணிகளின் பெட்டிகளை எடை போட.

தினமும் அப்பா அந்த வழியாகத்தான் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவார். தோளில் நான்கு தங்கக் கோடு. போகிற போக்கில் மகளுக்குக் கையசைப்பார். ‘எடை கூடுதல், ரெண்டு பொருளை வெளிய எடுத்துடுங்க’ என்று யாரிடமாவது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அவள், பார்க்காததுபோல் குனிந்துகொள்வாள்.

சட்டம் தானாக வந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அதைக் கேட்டு மந்திரி அலுவலகம் வரை நடையாய் நடந்தவர்களில் அப்பாவே முதல் ஆள். இளம் விமானிகள் அவருக்கு ‘பசை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்வாராம். அவள் பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த மௌனம்தான் அதிகம் சுட்டது.

ஒருநாள் வீட்டில் கேட்டேவிட்டாள். அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு வருஷம் பறந்தது போதாதாப்பா?”

“கொஞ்ச நாள் பொறும்மா. உன் இடம் எங்கயும் ஓடிப்போகாது.” நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி ஷூவில் குனிந்துகொண்டார்.

“ஓடாதுதான். அதுல நீங்க உக்காந்திருக்கீங்களே.”

பெற்ற அப்பாவிடம் பேசுகிற பேச்சா இது என்று சமையலறையிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். அப்பா தலை நிமிரவில்லை. பிரஷ் அதே வேகத்தில் போய்வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, தான் நிற்பது அவருடைய இடது பக்கம். டிவி சத்தத்தை அவர் கூட்டிக்கொண்டே போனதும், போனை எப்போதும் வலது காதுக்கே கொண்டுபோனதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

மறுநாளே டாக்டரிடம் போய்விட்டாள்.

அடுத்த பரிசோதனைக்கு அப்பா போனபோது டாக்டர் எதிரில் உட்காரவில்லை. அப்பாவைத் திரும்பி நிற்கச் சொன்னார். பிறகு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் கருவியை மாட்டினார். அத்தோடு முடிந்தது. கடைசிப் பயணம் என்று ஒன்றில்லை, மேடையேற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லவும் ஆளில்லை. அப்பா அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு டாக்ஸியில் வீட்டுக்கு வந்தார். அம்மா அழுதாள். அவர் யூனிஃபார்மோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

சீக்கிரமே அவளுக்கு உத்தரவு வந்தது. முதல் நாள் காலையில் அப்பாவே அவள் தோளில் கோடு பதித்த பட்டையை மாட்டிவிட்டார். ஒரு அடி தள்ளி நின்று பார்த்தார். கண் கலங்கியதை மறைக்க ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான் சொன்னது பொய் இல்லையே, காது கேட்காதது நிஜம்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அவள் கிளம்பினாள்.

யார் எந்த விமானத்தில், யாரோடு போவது என்று தீர்மானிக்கும் அம்மாள் அலுவலகத்தின் கடைசி அறையில் இருந்தாள். விமானிகள் எல்லோரையும் கட்டி மேய்ப்பவள் என்று பேர். இவளைப் பார்த்ததும் கம்ப்யூட்டரைத் தள்ளி வைத்தாள்.

“உக்காரும்மா. உன் முதல் பயணத்துக்கு எந்தக் கேப்டனைப் போடறதுன்னு எனக்குக் கையே ஓடல.”

யாராக இருந்தாலும் சரி என்றாள் அவள்.

“உங்கப்பா எதுக்கு அந்தச் சட்டத்துக்காக அப்படி அலைஞ்சார்னு நினைச்சே? அறுபதுல இறங்கியிருந்தா, நீ ஏறும்போது அவர் வீட்டுல இருந்திருப்பார். ‘ஒரே ஒரு தடவை என் பொண்ணைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டிட்டு வந்துடறேன், தரையிறங்கினதும் தொப்பியைக் கழட்டிடறேன், என்னால காலியாகிற இடத்தை அவளுக்கே குடுத்துடுங்க’ன்னு மேலிடத்துல மன்றாடி ஒத்துக்க வெச்சிருந்தார். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எங்களுக்கெல்லாம் கண்டிப்பு வேற.”

எப்போது போவதாக இருந்தது என்று அவள் கேட்டது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“அவர் காதை டெஸ்ட் பண்ணாங்களே, அதுக்கு அடுத்த திங்கக்கிழமை.”