ஒரே ஒரு தும்மல்

"நீ வேற ஒண்ணும் பண்ண வேணாம். சரியான நேரத்துல ஒரே ஒரு தும்மல். அவ்வளவுதான்," என்றார் பட்டறை முதலாளி.

சம்மட்டிக்காரன் மூக்கைத் தடவிக்கொண்டான். லாரிப் பட்டறையில் அவன் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் 'இடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சேர்ந்த அன்று அவன் தும்மிய தும்மலில், லாரிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் பதறி எழுந்து நெற்றியை இடித்துக்கொண்டான்.

"தும்மினா என்ன ஆகும், முதலாளி?"

முதலாளி கயிற்றுக்கு அப்பால் இருந்த துப்பாக்கி சுடும் மைதானத்தைக் காட்டினார். "சுடறவங்க நிக்கற இடத்துல மைக் இருக்கு, பாரு. 'போடு'ன்னு குரல் கொடுத்தா, முன்னால குழியில இருக்கற மெஷின் களிமண் தட்டை வீசும். அது பறக்கறப்பவே சுட்டு உடைக்கணும். மைக்குக்கு ஆளைத் தெரியாது, சத்தம்தான் தெரியும். நீ தும்மினாலும் தட்டு பறக்கும். என்னோட மோதறாளே, அவ பதறிச் சுடுவா, தவறிடும்."

"அது என் சத்தம் இல்லைன்னு சொல்லி, வேற தட்டு கேட்டா?"

"சுடாம நின்னா கேக்கலாம். சுட்டுட்டா சுட்டதுதான், கணக்குல வந்துடும். உன் தும்மலைக் கேட்டுட்டு அசையாம நிக்கற மனுஷி இன்னும் பொறக்கல."

இடி எட்டிப் பார்த்தான். சாயம் போன பச்சைத் தொப்பியோடு ஒருத்தி துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தேசியப் போட்டிக்குப் போக இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. நூற்று இருபத்தைந்து தட்டில் முதலாளியும் நூற்றுப் பதினொன்று, அவளும் நூற்றுப் பதினொன்று. இனிமேல் ஆளுக்கு ஒரு தட்டாக மாறி மாறிச் சுட வேண்டும். ஒருவர் தவறவிட்டு மற்றவர் உடைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

"அவ யாரு தெரியுமா?" முதலாளி பல்லைக் கடித்தார். "இதே கிளப்புல குழிக்குள்ள உக்காந்து, மெஷினுக்குத் தட்டு அடுக்கற வேலைக்காரி. துப்பாக்கிகூட கிளப்போடது. நான் வெளிநாட்டுத் துப்பாக்கி வாங்கி, கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணி, ஆறு வருஷமா நாயா அலையறேன். இவகிட்ட தோத்தா என்னை எவன்யா மதிப்பான்?"

"பாவம், முதலாளி. தூசியில கெடந்து முன்னுக்கு வந்த பொம்பளை…"

"நீ எந்தப் பக்கம்யா?"

"சம்பளம் குடுக்கற பக்கம்தான்."

"அப்ப தும்மு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

வேலை போனால் என்ன ஆகும் என்று இடிக்குத் தெரியும். முந்தைய பட்டறை மூடியபோது நாலு மாதம் கல் சுமந்தான். தோளில் காய்ப்பு இன்னும் போகவில்லை. பச்சைத் தொப்பியை ஒருமுறை பார்த்தான், முதலாளியை ஒருமுறை பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"தும்மறேன். ஆனா என் வேலை நிரந்தரம்னு இப்பவே எழுதிக் குடுத்துடுங்க."

"நான் ஜெயிச்சதும் தர்றேன்யா."

"ஜெயிக்கறது உங்க கையில இருக்கு. என் மூக்குல இருக்கறது தும்மல் மட்டும்தான்."

முதலாளி அவனை முறைத்தார். நேரமாகிவிட்டது, நடுவர் விசில் ஊதிவிட்டார். கார் பானெட் மேல் காகிதத்தை வைத்து அவசரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தோடு ஒரு மூக்குப்பொடி டப்பாவையும் அவன் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

முதலில் முதலாளி. "போடு!" என்றார். தட்டு தூள் தூளானது.

அடுத்து அவள். துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதித்தாள். இன்னும் வாய் திறக்கவில்லை. கயிற்றோரம் நின்ற இடி ஒரு சிட்டிகை பொடியை இழுத்தான்.

மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமும் பறந்தன. நடுவரின் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. குழியிலிருந்து தட்டும் சீறிக்கொண்டு கிளம்பியது.

அவள் துப்பாக்கி மட்டும் இம்மிகூட அசையவில்லை. ஏற வேண்டாத பஸ் போவதைப் பார்ப்பதுபோல, அந்தத் தட்டு போய்ப் புல்லில் விழுவதைப் பார்த்தாள்.

"இது என் சத்தம் இல்லீங்க. இன்னொண்ணு."

"தும்மறதுன்னா வெளிய போய்த் தும்முய்யா!" என்று இடியைப் பார்த்துக் கத்திய நடுவர், வேறு தட்டுக்கு அனுமதி கொடுத்தார். அதை அவள் நடுவானில் பொடியாக்கினாள்.

மறுபடி முதலாளி. இந்த முறை யாரும் தும்மவில்லை. ஆனால் அவர் காது முழுக்க இடியின் மூக்கிலேயே இருந்தது. அவர் தட்டு கீறல்கூட விழாமல் போய்ப் புல்லில் உட்கார்ந்தது. அவளுடையது உடைந்தது. ஆட்டம் முடிந்தது.

முதலாளி நேராக இடியிடம் வந்தார். "முழுசாத்தான் தும்மினியா?"

"சத்தியமா முழுசு, முதலாளி. உங்க டிரைவர் டயர் வெடிச்சிடுச்சுன்னு இறங்கிப் பாக்கறான், பாருங்க."

அதற்குள் பச்சைத் தொப்பிக்காரி அவர்கள் பக்கமே நடந்து வந்தாள். முதலாளி வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"வாழ்த்துகள்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தச் சத்தத்துக்கு எப்படி அசையாம நின்ன?"

இடி சட்டைப் பையிலிருந்த காகிதத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவள் இடுப்பிலிருந்த கைக்குட்டையை எடுத்து அவன் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாச்சு, சார். தினமும் இவர் பக்கத்துலதானே படுத்துத் தூங்கறேன்!"