செம்பு வலையின் கடைசி மூலை

பக்கத்து வீட்டு வக்கீல் ரெஜினாவின் கணினித் திரையிலிருந்து கசியும் அலைகளைச் சுவருக்கு இப்பால் ஆன்டெனாவில் பிடித்து, அவள் தட்டுவதையெல்லாம் தன் திரையில் படிப்பதுதான் தணிகைவேலின் வேலை. வழக்கு விவரங்களை எதிர்த்தரப்புக்கு அனுப்பிவிடுவான். இறந்துபோன மகள் ஷெரினுக்கு அவள் தினமும் எழுதி அழிக்கும் கடிதத்தை மட்டும் யாருக்கும் அனுப்பியதில்லை. 'உன்னை வண்டியில் போக விட்டிருக்கக் கூடாது' என்று நேற்று எழுதியிருந்தாள்.

இன்று அவளே வந்து கூப்பிட்டாள்.

"தம்பி, என் ஸ்கிரீன யாரோ வேவு பாக்குறாங்களாம். அலை வெளிய கசியாம சுவர்ல செம்பு வலை அடிக்கணும். கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"

அவள் அறையில், வலையின் கடைசி மூலையை அவன் சுவரோடு அழுத்திப் பிடித்தான். இனி அவன் திரைக்கு ஒரு எழுத்தும் வராது.

"ஷெரின் போனதுக்கு நீங்க காரணமில்லக்கா."

ஓங்கிய சுத்தியல் நின்றது. அவள் கத்தவில்லை.

"நேத்து எழுதினதையும் படிச்சீங்களா?"

அவன் தலையாட்டினான். மூலையில் வைத்த ஆணியை அவள் வெகுநேரம் அடிக்கவில்லை.